அலெக்சாண்டர் தமிழகம் வரவே இல்லை... யவனர்கள் மட்டும் எப்படி வந்தார்கள்?

கவரைப்பேட்டை நெடுஞ்சாலை ஓரம் கொஞ்ச நேரம் நின்றாலே போதும், கன்டெய்னர் லாரிகளை எண்ணி முடிக்க முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஏற்றிய சரக்கு எண்ணூருக்கோ காட்டுப்பள்ளிக்கோ போகும், அங்கிருந்து கப்பல். ஒவ்வொரு பெட்டியோடும் காகிதங்களும் போகும். என்ன சரக்கு, எவ்வளவு எடை, பணம் போட்டது யார், சுங்கம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும்.

இதே மாதிரி ஒரு காகிதம் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. வயது சுமார் 1,850 ஆண்டுகள். அதில் பேசப்படும் துறைமுகம் சேர நாட்டு முசிறி. (திருச்சி பக்கத்து முசிறி இல்லை, இது கேரளக் கடற்கரையில், கொடுங்கல்லூர் பகுதியில் இருந்த துறைமுகம்.) எழுதியிருக்கும் மொழி தமிழும் இல்லை, ரோமானியர்களின் லத்தீனும் இல்லை. கிரேக்கம்.

தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் கிரேக்கமும் ரோமும் ஒரு பாடமாகவே வருகின்றன. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, சாக்ரடீஸ், அலெக்சாண்டர் என்று மனப்பாடம் செய்துவிட்டு, 'இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்காத மாணவர் குறைவு. இன்னொரு பக்கம் சமூக வலைதளங்களில் 'கிரேக்கமே தமிழிலிருந்து வந்ததுதான்' என்ற அளவுக்குப் பதிவுகள் சுற்றுகின்றன. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

யவனர்... இது என்ன பெயர்?

இன்றைய துருக்கியின் மேற்குக் கடற்கரையில் அன்று கிரேக்கர்கள் குடியேறியிருந்த பகுதியின் பெயர் அயோனியா. பாரசீகப் பேரரசுக்கு மிக அருகில் இருந்த கிரேக்கர்கள் இவர்கள்தான். அதனால் பாரசீகர்கள் எல்லா கிரேக்கர்களையும் 'யௌனா' என்றே அழைத்தார்கள். அது பிராகிருதத்தில் 'யோன', சமஸ்கிருதத்தில் 'யவன' என்றாகி, தமிழுக்கு வரும்போது 'யவனர்' ஆனது.

அதே அயோனியாவில் இருந்த மிலேட்டஸ் நகரத்துக்காரர்தான் தேலீஸ். கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. உலகம் எதனால் ஆனது என்ற கேள்விக்குக் கடவுள் கதை சொல்லாமல் 'நீர்' என்று பதில் சொன்னவர். பதில் தப்புதான். ஆனால் கேட்ட விதம் புதுசு. கிரேக்கத் தத்துவத்தின் தொடக்கம் என்று இவரைத்தான் சொல்வார்கள். ஆக, சங்கப் புலவர்கள் 'யவனர்' என்று எழுதியபோது, தெரிந்தோ தெரியாமலோ, தத்துவம் பிறந்த ஊர்ப் பெயரைத்தான் எழுதினார்கள்.

பிற்காலத்தில் ரோமானியர், அரபிகள் என்று மேற்கே இருந்து வந்த எல்லோருக்குமே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனவே 'யவனர்' என்று எங்கே பார்த்தாலும் ஏதென்ஸ்காரர் என்று நினைத்துவிடக் கூடாது.

கிரேக்கம் என்றால் ஒரே நாடா?

இல்லை. ஒரே மொழி, ஒரே தெய்வங்கள், ஆனால் நூற்றுக்கணக்கான நகர அரசுகள். தங்களுக்குள் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்ட அரசுகள். நம்ம மூவேந்தர் கதை தெரிந்தவர்களுக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகாது.

ஏதென்ஸில் கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனீஸ் செய்த சீர்திருத்தங்களோடு மக்களாட்சி வேர்விட்டது. குடிமக்கள் கூடி, கைதூக்கி முடிவெடுத்தார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் அதில் இடமில்லை. பாரசீகப் படையை கி.மு. 490-ல் மாரத்தானிலும், 480-ல் சலாமிஸ் கடற்போரிலும் தோற்கடித்த பெருமை உண்டு. கேள்வி கேட்டே இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று சொல்லி கி.மு. 399-ல் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்த பழியும் அதே மக்களாட்சிக்குத்தான். அவர் மாணவர் பிளேட்டோ. பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில். அரிஸ்டாட்டிலிடம் படித்த பையன் அலெக்சாண்டர்.

அலெக்சாண்டர் எதுவரை வந்தார்?

பியாஸ் ஆறு வரை. அதாவது பஞ்சாப். அவ்வளவுதான்.

கி.மு. 326-ல் ஜீலம் நதிக்கரையில் போரஸ் மன்னனை வென்றார். அடுத்து கங்கைச் சமவெளி என்று அவர் திட்டம் போட, வீரர்கள் மறுத்துவிட்டார்கள். பல ஆண்டு நடை, விடாத மழை, முன்னால் இன்னும் பெரிய யானைப்படைகள் இருக்கின்றன என்ற செய்தி. பியாஸ் கரையிலேயே படை திரும்பியது. கி.மு. 323-ல் பாபிலோனில் இறந்தபோது அவருக்கு வயது 32.

விந்திய மலையைக்கூட அவர் பார்க்கவில்லை. தமிழகத்தை எந்தக் கிரேக்க மன்னனும் கைப்பற்றியதும் இல்லை. ஆனால் எகிப்தில் கி.மு. 331-ல் அவர் ஒரு துறைமுக நகரத்துக்கு அடிக்கல் போட்டார். பெயர் அலெக்சாந்திரியா. அவர் இறந்த பிறகு எகிப்து அவருடைய தளபதி தாலமியின் வம்சத்துக்குப் போனது. கிரேக்கம் அங்கே ஆட்சி மொழி ஆனது. கி.மு. 30-ல் கிளியோபாட்ராவோடு அந்த வம்சம் முடிந்து, எகிப்து ரோமின் கைக்குப் போன பிறகும் அலுவலகங்களில் கிரேக்கம் மாறவில்லை.

பாடப்புத்தகங்களில் 'ரோமானிய வணிகம்' என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும் இடம் இதுதான். சந்தை ரோமில் இருந்தது, வரி ரோமுக்குப் போனது, நாணயத்தில் ரோமானியப் பேரரசர் தலை இருந்தது. ஆனால் கப்பலை ஓட்டியவர்களிலும், கடன் கொடுத்தவர்களிலும், கணக்கு எழுதியவர்களிலும் பெரும்பாலோர் எகிப்தில் வாழ்ந்த, கிரேக்கம் பேசியவர்கள்.

அசோகர் கல்வெட்டில் சோழரும் யவனரும்

தமிழரையும் கிரேக்கரையும் சேர்த்துச் சொல்லும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று கி.மு. 3-ஆம் நூற்றாண்டு அசோகர் கல்வெட்டு. எல்லைக்கு அப்பால் இருக்கும் நாடுகள் என்று சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்களைச் சொல்லிவிட்டு, கூடவே அந்தியோகன் என்ற யவன அரசனையும் சொல்கிறது. தெற்கே ஒரு எல்லை, மேற்கே ஒரு எல்லை. இரண்டுமே மௌரியரிடம் தோற்காதவை.

அதற்கும் முன்னால், சந்திரகுப்தர் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் என்ற கிரேக்கர், தெற்கே 'பாண்டையா' என்ற நாட்டை ஒரு பெண் ஆள்கிறாள், அவள் ஹெராக்ளீஸின் மகள், தினம் ஒரு ஊர் வீதம் 365 ஊர்கள் அரண்மனைக்குத் திறை கொண்டு வரும் என்று எழுதினார். அவர் மதுரைக்கு வந்ததாகத் தெரியவில்லை. பாடலிபுத்திரத்தில் காதில் விழுந்த கதை. மீனாட்சி கதையின் பழைய வடிவமோ இது என்று கேட்பவர்கள் உண்டு.

ஜூலையில் கிளம்பினால் தமிழகம்

தென்மேற்குப் பருவக்காற்றைத் தெரிந்து வைத்திருந்ததுதான் மொத்த விஷயமே. செங்கடல் துறைமுகங்களான பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸ் ஆகியவற்றில் இருந்து ஜூலை வாக்கில் கிளம்பி, அரபிக்கடலை நேராகக் குறுக்கே வெட்டி, மலபார் கடற்கரைக்கு வருவார்கள். செங்கடல் வாயிலில் இருந்து முசிறிக்கு 40 நாள் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. காற்று திசை மாறும்வரை இங்கேயே தங்கல். டிசம்பர், ஜனவரியில் திரும்புதல். கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, தன் காலத்தில் ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை மியோஸ் ஹோர்மோஸில் இருந்து இந்தியாவுக்குப் போனதாகச் சொல்கிறார்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு வணிகர் இந்த வழிக்கு ஒரு கையேடே எழுதி வைத்தார். கிரேக்கத்தில்தான். 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்பது அதன் பெயர். எழுதியவர் பெயர் அதில் இல்லை. எந்தத் துறைமுகத்தில் என்ன விற்கும், என்ன வாங்கலாம், எங்கே பாறை, எங்கே கொள்ளையர் என்று ரொம்ப நடைமுறையாகப் போகும் நூல். கொற்கையில் முத்துக் குளிப்பதற்குத் தண்டனைக் கைதிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலும் அதில் இருக்கிறது. பாண்டிய நாட்டு முத்தின் பெருமையைப் பேசும்போது பலரும் விட்டுவிடும் வரி இது.

முசிறிக்கு என்ன கொண்டு வர வேண்டும்? முதல் இடம் நாணயத்துக்கு. பிறகு பவளம், கண்ணாடி, செம்பு, தகரம், ஈயம், கொஞ்சம் மது. கூடவே கோதுமையும். ஆனால் அது விற்க இல்லை. உள்ளூர் வியாபாரிகள் அதைச் சாப்பிட மாட்டார்கள், கப்பலில் இருப்பவர்களுக்கு மட்டும் போதும் என்று குறிப்பு. அரிசிச் சோறு ஊர் அப்போதே!

கிழக்குக் கடற்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது அந்தக் கையேடு. காவிரிப்பூம்பட்டினம், புதுச்சேரி அருகே அரிக்கமேடு, மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பொதுவாக அடையாளம் காட்டுகிறார்கள். இங்கே ஓடியவை பெரும்பாலும் உள்ளூர்க் கப்பல்கள். மரக்கலங்களைப் பிணைத்துக் கட்டிய 'சங்கரா' ஒரு வகை, கங்கைக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் போகும் மிகப்பெரிய கலங்கள் இன்னொரு வகை. இந்தத் துறைகளைக் கையேடு 'எம்போரியன்' கணக்கில் சேர்க்கிறது. வணிகம் நடக்கும் இடம் என்று பொருள். தமிழில் அதைத்தான் 'பேட்டை' என்பார்கள்.

ஒரே கப்பல்... 70 லட்சம்!

இப்போது அந்த வியன்னா காகிதம். பாப்பிரஸ் என்னும் நாணல் தாள். 1985-ல் இது அச்சில் வெளியானபோது வரலாற்று ஆய்வாளர்கள் பலர் பழைய கணக்குகளைத் திரும்பப் போட வேண்டி வந்தது.

ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம். முசிறிப் பயணத்துக்கான கடன். செங்கடலில் சரக்கு இறங்கியதும் ஒட்டகத்தில் ஏற்றி, பாலைவனத்தில் காவலோடு கோப்டோஸ் வரை கொண்டு போக வேண்டும். அங்கே கிடங்கில் முத்திரை. பிறகு நைல் ஆற்றில் படகு. அலெக்சாந்திரியாவில் மறுபடி கிடங்கு, மறுபடி முத்திரை, நான்கில் ஒரு பங்கு சுங்கம். ஆம், 25 சதவீதம். கடன் திரும்பாவிட்டால் சரக்கு கடன் கொடுத்தவருக்கு.

மறுபக்கம் 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. கங்கைப் பகுதிச் சடாமாஞ்சி 60 பெட்டி, யானைத் தந்தம் என்று பட்டியல் போகிறது. சுங்கம் கழித்த பிறகு மொத்த மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ். அந்தக் காலத்தில் ஒரு ரோமானியப் படைவீரரின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். கணக்குப் போட்டால், ஒரே கப்பலின் சரக்கில் 5,000 பேருக்கு மேல் ஓராண்டுச் சம்பளம் கொடுத்துவிடலாம். இந்தியாவுக்கு வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் போகிறதே என்று பிளினி புலம்பியதில் காரணம் இல்லாமல் இல்லை.

சரக்கு மூழ்கினால் யாருக்கு நஷ்டம், வட்டி யாருக்கு என்பதை எல்லாம் கிரேக்க வணிகச் சட்டம் அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏதென்ஸில் பேசித் தீர்த்திருந்தது. கிரேக்கச் சிந்தனை என்றாலே பிளேட்டோ மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் கவனிக்கலாம்.

நம்ம ஆட்கள் அவர்களை எப்படிப் பார்த்தார்கள்?

வியப்பும் இருந்தது, விலகலும் இருந்தது. அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியைப் பாடுகிறார். புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம், யவனர் கொண்டு வந்த மணமுள்ள குளிர்ந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் பருகி மகிழச் சொல்கிறார். நெடுநல்வாடை அரண்மனையில் எரிவது யவனர் செய்த பாவை விளக்கு. கவரைப்பேட்டை இருக்கும் தொண்டை மண்டலத்தைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலும் யவனரின் அன்ன விளக்கு ஒன்று உவமையாக வருகிறது.

முல்லைப்பாட்டில் காட்சி வேறு. சட்டை போட்ட, பார்த்தாலே பயம் வரும் முரட்டு யவனர்கள் பாசறையில் இருக்கிறார்கள். அதே பாசறையில், வாய் பேசாமல் உடல் அசைவால் பேசும் மிலேச்சர்கள் காவல் நிற்கிறார்கள். மொழி தெரியாதவனைக் காவலுக்கு வைத்தால் ரகசியம் வெளியே போகாது என்பது கணக்கோ என்னவோ.

படையெடுப்பு என்று பார்த்தால், தமிழில் கதை தலைகீழ். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகம், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்து, கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய் ஊற்றி, அவர்களிடமிருந்து விலை உயர்ந்த கலங்களையும் வயிரத்தையும் வாங்கினான் என்கிறது. எந்த யவனர், எந்தக் கடற்கரை என்று சொல்லவில்லை. பதிகங்கள் பாட்டுகளுக்குப் பின்னால் சேர்க்கப்பட்டவை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். சங்கப் பாடல்களுக்குப் பிறகு வந்த காப்பியங்களில் யவனர் ஊரோடு கலந்தே விடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் புகாரில் அவர்களுக்கு இருப்பிடம் உண்டு, மணிமேகலையில் யவனத் தச்சர் வேலை செய்கிறார்கள்.

அங்கேயும் நம்மைப் பற்றி எழுதினார்களா? எழுதினார்கள், அதுவும் காமெடி நாடகம். எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பை மேட்டில் கிடைத்த 2-ஆம் நூற்றாண்டு பாப்பிரஸில் 'கரிதியோன்' என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கடற்கரை ஒன்றில் சிக்கிக்கொள்கிறாள். அண்ணன் வந்து, உள்ளூர் அரசனுக்குத் தண்ணீர் கலக்காத மதுவைக் கொடுத்து மயக்கி, தங்கையை மீட்கிறான். கிரேக்கர்கள் மதுவில் தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள்; கலக்காமல் குடிப்பவன் நாகரிகம் தெரியாதவன் என்பது அவர்கள் நினைப்பு. நாடகத்தில் அரசன் பேசும் புரியாத மொழி கன்னடமா, வெறும் உளறலா என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதம் நடக்கிறது.

மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது?

அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். மத்தியதரைக் கடல் பகுதியின் மது ஜாடிகள் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸ் பாணி ஜாடிகள் அவற்றில் நிறைய. நக்கீரர் பாடிய மதுவுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு சாட்சி கிடைக்காது.

ஆனால் வீலர் ஒரு இடத்தில் தவறினார். உட்புறம் சக்கரம் உருட்டியது போல் வரிவரியாகப் புள்ளி போட்ட மெல்லிய தட்டுகளை அவர் மேற்கத்திய இறக்குமதி என்று நினைத்தார். 'ரூலெட்டட்' ஓடுகள் என்பது இவற்றின் பெயர். பிறகு விமலா பெக்லி உள்ளிட்டவர்களின் ஆய்வும், களிமண் பரிசோதனைகளும் இவை இந்தியாவிலேயே செய்தவை என்று காட்டின. திருவள்ளூர் மாவட்டத்தில், பட்டரைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்விலும் இந்த வகை ஓடுகள் தமிழ்-பிராமி எழுத்துள்ள ஓடுகளோடு கிடைத்தன. 'திருவள்ளூரில் ரோமானியத் தட்டு' என்று யாராவது பகிர்ந்தால் கொஞ்சம் நிதானிக்கணும். தட்டு உள்நாட்டுச் சரக்குதான்.

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த கிரேக்க நகரங்களின் நாணயங்களை நாணயவியல் அறிஞர் இரா.கிருஷ்ணமூர்த்தி தனி நூலாகவே வெளியிட்டார். கொங்குப் பகுதியில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன.

போக்குவரத்து ஒருவழிப் பாதை இல்லை. எகிப்தின் குசேர் அல்-காதிமில், அதாவது பழைய மியோஸ் ஹோர்மோஸில், 'கணன்', 'சாதன்' என்று தமிழ்-பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. பெரெனிகேயில் ஒரு கோவில் வளாகத்தில் இந்தியப் பெரும்பானை ஒன்றில் ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்தது. ஓட்டில் பெயர் எழுதுபவர் சாதாரணமாக மன்னர் இல்லை. சரக்கோடு போன வியாபாரியோ, கப்பலில் வேலை பார்த்தவரோதான்.

சொல்லும் ஏற்றுமதி ஆச்சா?

ஆனது. இஞ்சிதான் நல்ல உதாரணம். 'இஞ்சிவேர்' என்ற திராவிடச் சொல் பிராகிருதம் வழியாகக் கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' ஆனது. ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்' அதன் பேரன். இதில் அறிஞர்களிடம் பெரிய சண்டை இல்லை. 'அரிசி'தான் கிரேக்க 'ஒரிசா' ஆனது என்பது அப்படி உறுதியானது இல்லை. ஈரானிய மொழிகள் வழியாகப் போன வேறு சொல் என்பதே பல மொழியியலாளர்கள் கருத்து. மிளகுக்கான 'பெபெரி', திப்பிலியோடு உறவுள்ள 'பிப்பலி'யில் இருந்து வந்தது.

இறக்குமதியும் உண்டு. முல்லைப்பாட்டு யவனர் வைத்திருக்கும் குதிரைச் சவுக்குக்குப் பெயர் 'மத்திகை'. கிரேக்கத்தில் சவுக்குக்கு 'மாஸ்டிக்ஸ்'. இரண்டும் ஒன்றே என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். 'சுரங்கம்' கூட, குழல் என்ற பொருளுள்ள 'சிரிங்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லில் இருந்து சமஸ்கிருதம் வழியாக வந்தது என்ற கருத்து உண்டு. மையம் என்ற பொருளில் வரும் 'கேந்திரம்', கிரேக்கத்தின் 'கென்ட்ரான்'.

எல்லாவற்றையும்விட நெருக்கமானது வீட்டுச் சுவரில் தொங்குகிறது. தினசரி காலண்டரில் குரு ஓரை, சுக்கிர ஓரை என்று நேரம் போட்டிருக்கும். மணி என்று பொருள்படும் கிரேக்க 'ஹோரா', வானியல் கணக்கோடு சேர்ந்து சமஸ்கிருதத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழில் 'ஓரை' ஆனது. கவரைப்பேட்டையில் ஒரு வண்டிக்குப் பூஜை போட நல்ல ஓரை பார்ப்பவர் விரல் வைப்பது அந்தச் சொல்லின் மேல்தான்.